உதவி பெறுபவரின் முகத்துக்கும் உரிமை உண்டு

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டித் தீர்த்த மழையில் ஆவடி, அம்பத்தூர், திருமுல்லைவாயில் வட்டாரத்தின் பல தெருக்கள் தண்ணீரில் நின்றன. பிரெட், பால் பாக்கெட், பாய், போர்வை என்று கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு பல இடங்களில் முதலில் வந்து நின்றவர்கள் அக்கம்பக்கத்து இளைஞர்கள்தான். சாக்கடை கலந்த தண்ணீரில் இறங்கி வந்த அவர்களின் உழைப்பை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. அந்த உதவியோடு ஒரு பழக்கமும் ஒட்டிக்கொண்டு வந்தது. அதைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

திருமுல்லைவாயிலில் ஒரு தெருமுனை. வரிசையில் நின்ற பெண் ஒருவர், பிரெட் பாக்கெட்டை வாங்கும்போது தோளில் கிடந்த துண்டை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். “அக்கா, ஒரு நிமிஷம் இங்க பாருங்க. ஒரே ஒரு போட்டோ” என்றார் இளைஞர். “வேணாம் தம்பி, எம் பொண்ணு காலேஜுக்குப் போறா” என்றார் அவர். பாக்கெட்டின் ஒரு முனை அந்தப் பெண்ணின் கையில். மறுமுனை இளைஞரின் கையில். துண்டு விலகியது. படம் எடுத்த பிறகுதான் பாக்கெட் முழுதாகக் கைமாறியது.

அந்த இளைஞர் நல்லவர்தான். பணம் அனுப்பியவர்கள் வாட்ஸ்அப் குழுவில் ‘போட்டோ போடுங்க’ என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். கணக்கு காட்டாவிட்டால் நாளை யாரும் பணம் தர மாட்டார்கள். ஆனால், கொடுத்தவருக்குக் காட்ட வேண்டிய கணக்குக்கு வாங்கியவரின் முகம் ரசீதாகலாமா? துயரத்தில் இருப்பவர்களைப் படம் எடுப்பதன் அறம் குறித்த விவாதம் இந்த இடத்தில்தான் தொடங்க வேண்டும்.

தாது வருஷத்துப் படங்கள்

இந்தப் பிரச்சினை செல்பேசியோடு பிறந்ததல்ல. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணம் செத்துக்கொண்டிருந்தபோது, சென்னை ராணுவ அதிகாரியான வில்லோபி வாலஸ் ஹூப்பர் பஞ்சத்தில் அடிபட்டவர்களைப் படம் எடுத்தார். எலும்பும் தோலுமான ஆண்கள், பெண்கள், குழந்தைகள் குழுவாக உட்காரவைக்கப்பட்டிருக்கிறார்கள். அந்தக் காலத்துக் கேமராவுக்கு அசையாமல் இருக்க வேண்டும். நிற்கவும் தெம்பில்லாதவர்கள் படத்துக்காக அசையாமல் இருந்திருக்கிறார்கள். உதவி செய்யாமல் படம் எடுத்தார் என்று ஹூப்பர் கண்டனத்துக்கு ஆளானார். அதே ஹூப்பர் பின்னாளில் பர்மாவில், மாண்டலேயில் கைதிகள் சுட்டுக் கொல்லப்படும் தருணத்தைப் படம்பிடிக்க முயன்று, 1886-இல் விசாரணையைச் சந்தித்தார்.

ஹூப்பரின் படங்களால் பயனே இல்லை என்று சொல்லிவிட முடியாது. லட்சக்கணக்கானோர் மாண்ட ஒரு பஞ்சத்துக்கு மறுக்க முடியாத சாட்சியாக அவை இன்றும் இருக்கின்றன. ஆனால், அந்தப் படங்களில் இல்லாதது எது என்று பாருங்கள். நிவாரண வேலை செய்பவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியமும் ஓர் அணாவும் போதும் என்று 1877-இல் கூலியைக் குறைத்த பிரிட்டிஷ் அதிகாரி ரிச்சர்ட் டெம்பிளின் உத்தரவு அவற்றில் இல்லை. நாடு பட்டினி கிடந்தபோதே இங்கிலாந்துக்குக் கப்பலேறிய கோதுமையும் இல்லை. விலா எலும்பு தெரிகிறது, காரணம் தெரியவில்லை. படத்தில் இருப்பவர்களின் பெயரும் தெரியவில்லை. எடுத்தவரின் பெயர் மட்டும் வரலாற்றில் நின்றுவிட்டது.

அமெரிக்கப் பெருமந்தக் காலத்தில் எடுக்கப்பட்ட ‘புலம்பெயர்ந்த தாய்’ படத்தின் கதையும் இதுதான். 1936-இல் கலிஃபோர்னியாவின் நிப்போமோவில் பட்டாணித் தோட்டக் கூலிகளின் முகாமில் டோரதியா லாங் அதை எடுத்தார். படம் வெளியானதும் அரசு அந்த முகாமுக்கு சுமார் 9,000 கிலோ உணவை அனுப்பியது. அதற்குள் அந்தத் தாயும் குழந்தைகளும் வேறு ஊருக்குப் போய்விட்டிருந்தார்கள். ஃபிளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்ற அவருடைய பெயர் உலகத்துக்குத் தெரியவர 1978 ஆனது. அந்தப் படத்தை எடுக்காமலே இருந்திருக்கலாம் என்றும், அதனால் தனக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை என்றும் அவர் மனம் நொந்து சொன்னார். படம் பலருக்கு நல்லது செய்திருக்கலாம். அது படத்தில் இருப்பவருக்குச் செய்த நியாயம் ஆகாது.

‘சரி’ என்பது சம்மதமா?

‘கேட்டுவிட்டுத்தான் எடுத்தோம்’ என்பது வழக்கமான பதில். பசியோடு இருப்பவரிடம், சோற்றுப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கும் சம்மதத்துக்கு மதிப்பில்லை. மறுத்தால் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம் இருக்கும்வரை அவர் சொல்லும் ‘சரி’ வெறும் சொல். ‘முடியாது’ என்று சொன்ன பிறகும் பொட்டலம் கிடைக்கும் என்ற உறுதி இருந்தால்தான் அதைச் சம்மதம் என்று சொல்ல முடியும்.

சட்டமும் இந்தப் பக்கமே சாய்கிறது. ‘ஆட்டோ சங்கர்’ வழக்கு என்று தமிழகம் அறிந்த ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில், தனிமனிதருக்குத் தன் அந்தரங்கத்தைக் காத்துக்கொள்ளும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1994-லேயே சொன்னது. 2017-இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு அதை அடிப்படை உரிமை என்று உறுதிசெய்தது. அந்த உரிமை சொந்த வீடும் மதில்சுவரும் இருப்பவருக்கு மட்டும் எழுதப்பட்டதல்ல. பிளாட்பாரத்தில் சமைப்பவருக்கும் சேர்த்தே எழுதப்பட்டது. கரோனா ஊரடங்கின்போது, 2020 ஏப்ரலில், உணவுப் பொருள் வழங்கும்போது படம் எடுக்க ராஜஸ்தான் அரசு தடை விதித்தது. நம்மால் மட்டும் ஏன் முடியாது?

இதில் மிகவும் வேதனை தருவது குழந்தைகள் விஷயம். பிறந்தநாள், திருமண நாள் என்று ஆதரவற்ற குழந்தைகள் இல்லத்தில் ஒருவேளைச் சாப்பாடு போடுவது இன்று நம் ஊர்களில் பரவலான நல்ல வழக்கம். அங்கே நடப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? இலை போட்டு, சோறும் சாம்பாரும் பரிமாறியாகிவிட்டது. குழந்தைகள் கை வைக்காமல் காத்திருக்கிறார்கள். கேக் வெட்ட வேண்டும், வாழ்த்துப் பாட வேண்டும், கொடுத்த குடும்பம் இலைகளுக்குப் பின்னால் நின்று படம் எடுக்க வேண்டும். அடுத்த நிமிடம் அந்தப் படம் முகநூலில். பாடியவர்களில் எத்தனை பேரின் பிறந்தநாளை யார் கொண்டாடினார்கள்? பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளின் அடையாளத்தை, விசாரணை, வழக்கு தொடர்பான செய்திகளில் வெளியிடுவதை 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு தடைசெய்கிறது. செய்தித்தாளுக்கே இப்படியொரு கட்டுப்பாடு இருக்கும்போது, நம் குடும்பப் படத்துக்குப் பின்னணியாக அந்தக் குழந்தைகளை உட்காரவைக்கும் உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது? அந்தக் குழந்தை நாளை வேலைக்குப் போய்ச் சம்பாதித்து நிமிர்ந்து நிற்கும்போதும் இந்தப் படம் இணையத்தில் இருக்கும்.

படமே வேண்டாமா?

அப்படியானால் கேமராவை மூடிவிடலாமா என்றால், கூடவே கூடாது. எடுக்காமல் விட்டால் வறுமை கண்ணுக்குத் தெரியாமல் போகும். அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு அது வசதி. கையால் மலம் அள்ளுவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்த பின்பும், சாக்கடைக் குழிக்குள் மனிதர்கள் இறங்குவதும் இறப்பதும் தமிழகத்தில் தொடர்வதை நம் முகத்துக்கு நேரே காட்டியது திவ்யபாரதி இயக்கிய ‘கக்கூஸ்’ ஆவணப்படம். அதற்கு ஒளிப்பதிவு செய்த எம்.பழனிகுமார், மீன் விற்றுக் குடும்பத்தைத் தாங்கிய தாயின் மகன். தூய்மைப் பணியாளர்களின் வாழ்வைத் தொடர்ந்து படமாக்கிவரும் அவர், உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்குக் கேமராவைக் கையில் கொடுத்துச் சொல்லியும் தருகிறார். வெளியிலிருந்து ஒருவர் வந்து எடுத்துப்போகும் படத்துக்கும், அந்தத் தெருவின் பிள்ளை தன் தாயைப் பார்த்து எடுக்கும் படத்துக்கும் உள்ள தூரத்தை அவருடைய வேலை காட்டுகிறது.

துயரத்தின் உச்சத்தில்கூடக் கண்ணியத்தோடு படம் எடுக்க முடியும். சுனாமி தாக்கி இரண்டு நாள் கழித்து, 2004 டிசம்பர் 28 அன்று கடலூரில் ராய்ட்டர்ஸ் புகைப்படக்காரர் ஆர்க்கோ தத்தா எடுத்த படம் அந்த ஆண்டின் உலகப் பத்திரிகைப் புகைப்பட விருதைப் பெற்றது. மணலில் விழுந்து ஒரு பெண் கதறுகிறார். படத்தின் ஓரத்தில் இறந்தவரின் கை மட்டும் தெரிகிறது. உடல் சட்டகத்துக்கு வெளியே இருக்கிறது. எதைக் காட்டக் கூடாது என்று அறிந்தவரின் படம் அது.

இலங்கையின் வடக்கில் காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார்கள் 2017 முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் நடத்திவரும் போராட்டத்தில் அவர்களின் ஆயுதமே பிள்ளைகளின் படங்கள்தான். எந்தப் படம், யாரிடம், எந்தக் கேள்வியோடு காட்டப்பட வேண்டும் என்பதை அவர்களே தீர்மானிக்கிறார்கள். அந்தப் படங்களின் முன்னால் தலைகுனிய வேண்டியது அரசு.

நம் பக்கத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பாசிமணி விற்கும் நரிக்குறவர்கள், காலம் காலமாகப் பிறர் எடுக்கும் படங்களில் வேடிக்கைப் பொருளாகவே இருந்துவந்தவர்கள். 2022-இல் ஆவடியைச் சேர்ந்த அந்தச் சமூக மாணவிகள் சிலர், தங்கள் மக்கள் படும் புறக்கணிப்பைக் கேமராவைப் பார்த்துத் தாங்களே பேசினார்கள். காணொளி பரவியது; ஏப்ரலில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அந்த மாணவிகளின் குடியிருப்புக்கே வந்தார். அவர்கள் கேட்டது இரக்கம் இல்லை; உரிமை. கேள்வி அவர்களுடையதாக இருந்ததால்தான் பதில் சொல்ல ஒருவர் வர வேண்டியிருந்தது.

எதை எடுப்பது?

ஒரு படத்தை எடைபோட ஒரே கேள்வி போதும்: இதைப் பார்த்து யார் வெட்கப்பட வேண்டியிருக்கிறது? பிரெட் பாக்கெட்டை வாங்கும் பெண்ணின் முகத்தை எடுத்தால் அவர் வெட்கப்படுகிறார். அடைத்துக்கொண்ட மழைநீர் வடிகாலை, ஆக்கிரமிப்பில் குறுகிப்போன கால்வாயை, சுவரில் நிற்கும் வெள்ளக் கோட்டை எடுத்தால் பொறுப்பில் இருப்பவர் வெட்கப்படுகிறார்.

நிவாரணம் வழங்குவோர் வாங்கிய பொருள்களின் ரசீதையும், அடுக்கிவைத்த பொட்டலங்களையும், சமைத்த அண்டாவையும் காட்டட்டும். கணக்குக்கு அது போதும். பணம் கொடுப்போர் ‘முகம் தெரியும் படம் வேண்டாம்’ என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். அதைச் சொல்லும் பொறுப்பு அவர்களுக்குத்தான் அதிகம். சமூகப் பொறுப்பு நிதியில் உதவும் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை நிறுவனங்கள் தங்கள் விதிகளிலேயே இதை எழுதிவைக்கலாம். முகாம்களிலும் குழந்தைகள் இல்லங்களிலும் படம் எடுப்பதற்கு மாவட்ட ஆட்சியர்கள் வரையறை வகுக்க வேண்டும். பத்திரிகையாளர்கள் பெயரைக் கேட்டு, காரணத்தைச் சொல்லி, மறுப்பை மதித்து எடுக்க வேண்டும்.

அடுத்த மழைக்கு முன்பே இந்த முடிவை எடுத்துவிடுவோம். உதவியை இரு கைகளாலும் கொடுங்கள். செல்பேசி சட்டைப்பையிலேயே இருக்கட்டும்.