பேருந்தில் வருவோர் பேரில்லாதவரா?

கோட்டை என்பது எதற்காகக் கட்டப்படுகிறது என்பதைச் செஞ்சி மக்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் வளைத்து மதில் எழுப்பினர், அகழி தோண்டினர், வாயிலுக்குப் பின் வாயில் வைத்தனர். வருபவனை வரவிடாமல் தடுப்பதே அதன் நோக்கம். 1690இல் முற்றுகையிட்ட முகலாயப் படை, 1698 வரை வெளியே காத்துக் கிடந்தது. அந்தக் கோட்டை இன்று காட்சிப் பொருள்; 2025இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலிலும் இடம்பெற்றுவிட்டது.

ஆனால் தோழர்களே, அதே செஞ்சியிலிருந்து பேருந்து ஏறிச் சென்னைக்குச் செல்லும் ஏழைக்கு எதிரே இன்னொரு கோட்டை நிற்கிறது. அதற்கு மதில் இல்லை, அகழி இல்லை. "கார் வைத்திருப்பவனே, உள்ளே வா! பேருந்தில் வருபவனே, வாயிலிலேயே இறங்கு!" என்பதே அக்கோட்டையின் சட்டம்.

மிகைப்படுத்துகிறோமா? கணக்கைப் பாருங்கள்!

செஞ்சிக்கு ரயில் கிடையாது. திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு இருப்புப்பாதை என்று பேசப்பட்ட காலமெல்லாம் பேச்சாகவே கழிந்தது. ஆகவே நோயாளியானாலும், கட்டட வேலைக்குச் செல்லும் கூலியானாலும், தேர்வெழுதச் செல்லும் மாணவியானாலும் பேருந்தே கதி. அப்பேருந்து முன்னர்க் கோயம்பேடு வரை சென்றது. அங்கே 2015 முதல் மெட்ரோ ரயிலும் நிலைய வாசலிலேயே நின்றது. 2023 டிசம்பர் 30இல் கிளாம்பாக்கம் நிலையம் திறக்கப்பட்டது. 2024 சனவரி இறுதியில் தென்திசைப் பேருந்துகள் அங்கே நிறுத்தப்பட்டன. பெரிய நிலையம்தான், அழகிய நிலையம்தான். ஆனால் திறந்த நாளில் அதன் வாசலில் மெட்ரோவும் இல்லை, மின்சார ரயில் நிறுத்தமும் இல்லை! அங்கிருந்து சென்ட்ரல் அருகே உள்ள அரசுப் பொது மருத்துவமனைக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். நோயாளியைத் தாங்கி வருபவர் மூட்டையுடன் இறங்கி, மறுபடி மாநகரப் பேருந்து ஏறி, நெரிசலில் ஊர்ந்து செல்லவேண்டும்.

ஏன் இந்த இடமாற்றம்? நகரத்தின் நெரிசலைக் குறைக்க என்றனர். நன்று, நெரிசலை உண்டாக்கியது எது? அறுபது பேரைச் சுமந்து வரும் பேருந்து, சாலையில் ஏறத்தாழ மூன்று கார்களின் இடத்தைப் பிடிக்கும். அந்த அறுபது பேரும் காருக்கு இருவராகப் புறப்பட்டால் முப்பது கார்கள் வேண்டும்! இடத்தை அடைப்பது எது, மிச்சப்படுத்துவது எது? பள்ளிச் சிறுவனும் சொல்லிவிடுவான். ஆயினும் எல்லைக்கு அப்பால் அனுப்பப்பட்டது பேருந்து. உள்ளே உல்லாசமாக உலவுவது கார். குற்றவாளி மாளிகையில், சாட்சி சிறையில் என்பதுபோல் அல்லவா இருக்கிறது இந்த நீதி!

"பேருந்துக் கழகம் நட்டத்தில் ஓடுகிறதே" என்று பெருமூச்சு விடும் கனவான்கள் இருக்கின்றனர். அவர்களைக் கேட்கிறோம்: 1973இல் எழுந்த அண்ணா மேம்பாலம் முதல் எத்தனையோ மேம்பாலங்கள் கட்டினோமே, எந்த மேம்பாலம் எவ்வளவு இலாபம் ஈட்டியது? சாலையோரத்தில் நாள் முழுதும் நிற்கும் கார், பொது நிலத்துக்கு என்ன வாடகை தருகிறது? காருக்குச் செய்தால் அது வளர்ச்சி. பேருந்துக்குச் செய்தால் அது நட்டமா?

1972இல் பல்லவன் போக்குவரத்துக் கழகமும், 1975இல் விழுப்புரத்தில் தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகமும் தோன்றியது இலாபக் கணக்கு எழுதுவதற்காக அல்ல. குக்கிராமத்துக் குடியானவனும் நகரத்தின் வாசலை மிதிக்கவேண்டும் என்பதற்காக. 2021 மே 8 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிச் செல்லத் தொடங்கினர். வீட்டுக்குள் முடங்கியிருந்த எத்தனை பெண்களை அது வேலைக்கும் சந்தைக்கும் கொண்டு சேர்த்தது! இந்த நன்மையை எந்த நட்டக் கணக்கில் எழுதுவது?

பேருந்து அரசியலுக்கு அப்பாற்பட்டது என்று எண்ணவேண்டாம். 1955 டிசம்பரில் அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரில், ரோசா பார்க்ஸ் என்னும் கறுப்பினத் தையற்காரப் பெண் பேருந்து இருக்கையை விட்டு எழ மறுத்தார். அந்நகர்க் கறுப்பின மக்கள் 381 நாட்கள் பேருந்தைப் புறக்கணித்து நடந்தே சென்றனர். நிறவெறிச் சட்டம் வீழ்ந்தது.

டில்லியின் கதையோ வேறு. 2008இல் அங்கே பேருந்துக்கெனத் தனித்தடம் போட்டனர். கார்க்காரர்கள் கொதித்தெழுந்தனர், வழக்கு மன்றம் ஏறினர். 2012இல் உயர்நீதிமன்றம் அவர்கள் வழக்கைத் தள்ளியது. ஆனால் 2016இல் அத்தடம் பெயர்த்தெறியப்பட்டது! நீதிமன்றத்தில் வென்ற தடம், அரசியலில் தோற்றது. ஏன்? காருக்காகக் கூச்சலிட்டவர் குரல் ஏடுகளில் ஒலித்தது. பேருந்தில் நின்று பயணம் செய்தவருக்காக வீதியில் நிற்க எவரும் திரளவில்லை.

நம் நாட்டிலேயே மாற்றுப் பாடமும் உண்டு. 2018 சனவரி 20இல் சாதாரணப் புறநகர்ப் பேருந்துக் கட்டணம் கிலோமீட்டருக்கு 42 காசிலிருந்து 60 காசாக ஏற்றப்பட்டது. மாணவர்கள் வீதிக்கு வந்தனர். பத்து நாட்களுக்குள் சிறிதேனும் குறைக்க நேர்ந்தது. சிறு வெற்றிதான்; ஆனால் திரண்டால் அசையும் என்பதற்கு அது சான்று.

ஆகவே நாம் கேட்பது சலுகை அன்று, பங்கு. சென்னையின் பெருஞ்சாலைகளில் பேருந்துக்குத் தனித்தடம் வேண்டும். வெளியூர்ப் பேருந்து எங்கே நிற்கிறதோ, அங்கேயே ரயிலும் மாநகரப் பேருந்தும் காத்திருக்கவேண்டும். நள்ளிரவில் இறங்குபவருக்கும் வண்டி வேண்டும். முதியவரும் ஊனமுற்றோரும் ஏறத்தக்க தாழ்தளப் பேருந்து வேண்டும். நிறுத்தத்தில் நிழலும், அதுவரை நடக்க நடைபாதையும் வேண்டும்.

தோழர்களே! செஞ்சி நிலையத்தில் நில்லுங்கள், ஏறுபவரிடம் பேசுங்கள், எத்தனை மணி நேரம் காத்தார், எத்தனை முறை மாறினார், எவ்வளவு கொடுத்தார் என்று ஏட்டில் குறியுங்கள். அந்த ஏட்டை ஆட்சியாளர் மேசையில் வையுங்கள், யார் ஆட்சியில் இருப்பினும்! வாக்குப்பெட்டிக்கு முன் கார்க்காரனுக்கும் ஒரு வாக்கு, பேருந்துக்காரனுக்கும் ஒரு வாக்கு. சாலையில் மட்டும் ஏன் ஒருவனுக்குப் பத்துப் பங்கு?

எட்டாண்டு நின்ற கோட்டையும் ஒருநாள் திறந்தது. இக்கோட்டையும் திறக்கும், திறக்கவைப்போம்!