புதுக் கோழிக்கு மூன்று வாரம் கொடுங்கள்

முட்டையிடும் பெட்டை என்று சொல்லித்தான் சந்தையில் விற்றார்கள். வீட்டுக்கு வந்த மறுநாள் ஒரு முட்டையும் இட்டது. அதன் பிறகு நின்றுவிட்டது. பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "கண் பட்டுவிட்டது" என்கிறார் பாட்டி. "விற்றவன் ஏமாற்றிவிட்டான்" என்கிறார் அப்பா. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோழி குழம்பாகிவிடுகிறது. தூத்துக்குடியில் திரேஸ்புரம் முதல் உப்பளத் தொழிலாளர் குடியிருப்புகள் வரை கோழி வளர்க்கும் வீடுகளில் இந்த வழக்கு ஓயாமல் நடக்கிறது. தீர்ப்பும் எப்போதும் ஒன்றுதான். அது அவசரத் தீர்ப்பு என்பதே என் கருத்து.

பௌதிகம் கற்பிப்பவனுக்குக் கோழியிடம் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். இந்த வழக்கில் சாட்சி சொல்ல வேண்டியவை காலக் கணக்கும் ஒளியும். இரண்டும் எங்கள் துறையைச் சேர்ந்தவை.

முதலில் அந்த மறுநாள் முட்டையை எடுத்துக்கொள்வோம். சென்னை எழும்பூரில் இரவு புறப்படும் முத்துநகர் விரைவு ரயில் மறுநாள் காலையில் தூத்துக்குடி வந்து சேர்கிறது. புறப்பட்டபின் எழும்பூரில் எது நின்றாலும், வழியில் இருக்கும் ரயில் வந்து சேர்ந்துவிடும். முட்டையும் அப்படித்தான். மஞ்சள் கரு சூலகத்திலிருந்து விடுபட்ட பிறகு, வெள்ளைக் கரு சேர ஏறக்குறைய 3 மணி, உட்சவ்வுகள் சேர ஒரு மணிக்குச் சற்று மேல், ஓடு படிய ஏறக்குறைய 20 மணி என்று மொத்தம் ஒரு நாளுக்கும் சற்று அதிகம் ஆகிறது. ஆகவே மறுநாள் கிடைத்த முட்டை, பழைய வீட்டிலேயே புறப்பட்டுவிட்ட முட்டை. புது வீட்டைப் பற்றி அது எந்தச் செய்தியும் சொல்லவில்லை.

பிறகு நின்றது ஏன்? சாக்குப் பைக்குள்ளோ தலைகீழாகவோ பயணம், வெயில், தண்ணீர் இல்லாமை, கடைசியாக முன்பின் தெரியாத கூட்டம். கோழிக் கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்பதற்குக் கண்டிப்பான வரிசை ஒன்று உண்டு. நார்வே நாட்டு ஷெல்டெரப்-எபே என்பவர் சிறு வயதிலிருந்தே கோழிகளைக் கவனித்துக் குறிப்பெடுத்து, 1920-களின் தொடக்கத்தில் இதை உலகுக்கு விளக்கினார். புதிதாக வந்தது பெரும்பாலும் கடைசி இடத்திலிருந்து தொடங்க வேண்டும். இரைக்குப் போனால் கொத்து. தண்ணீருக்குப் போனாலும் கொத்து. பயம் நீடிக்கும்போது சுரக்கும் ஹார்மோன், முட்டையிடத் தூண்டும் ஹார்மோன்களை அடக்கிவிடுகிறது. சூலகத்தில் பாதி வளர்ந்திருந்த மஞ்சள் கருக்கள் சுருங்கி உடலிலேயே கரைந்துபோகின்றன.

இப்போது கூட்டல் கணக்கு. வரிசைச் சண்டை ஓய்ந்து, புதுக்கோழி பயமின்றி இரை எடுக்க ஒரு வாரம், சில கூட்டங்களில் பத்து நாளுக்கு மேல். சிறிய மஞ்சள் கரு ஒன்று வேகமாக வளர்ந்து முழு அளவு பெற 7 முதல் 10 நாள். வெள்ளையும் ஓடும் சேர ஒரு நாள். கூட்டிப் பாருங்கள்: பதினைந்து நாளிலிருந்து மூன்று வாரம் வரை வருகிறது. பத்தாம் நாளில் கோழியைக் குற்றவாளி ஆக்குவது, வகுப்பில் பாதிக் கணக்குப் போட்டவனிடம் விடைத்தாளைப் பிடுங்குவது போன்றது. நான்கு வாரம் வரை பொறுப்பதில் தவறில்லை.

இது விளையாட்டுக் கணக்கு அன்று. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அந்த இரண்டு மாதமும் படகுத் தொழிலாளர் வீட்டில் கைக்காசு குறைந்துவிடும். பிள்ளைகளுக்கு ஒரு முட்டை என்பது பெரிய விஷயம். அப்போது அவசரப்பட்டுப் பாதி விலைக்குத் தள்ளிவிடும் கோழி, வாங்கியவர் வீட்டில் சாவகாசமாக முட்டையிடுகிறது. அங்கே அதை "ராசி" என்பார்கள்!

ஒளியின் பங்கைச் சொல்ல வேண்டும். இருட்டறையில் டார்ச் விளக்கின் முகப்பை உள்ளங்கையால் மூடுங்கள். விரல்களின் வழியே சிவப்பு மட்டும் கசிந்து வரும். சதையைக் கடந்து செல்லும் திறன் சிவப்புக்கு அதிகம். பறவையின் மெல்லிய மண்டையோட்டையும் இவ்வாறே ஒளி கடந்து மூளைக்குள் செல்கிறது. பிரெஞ்சு அறிஞர் ழாக் பென்வா 1930-களில், பார்வை இழந்த வாத்துகளிலும் இனப்பெருக்க உறுப்புகள் ஒளிக்கு ஏற்ப வளர்வதைக் கண்டார். பகல் நீளத்தைக் கோழி தன் மூளையாலேயே அளக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

குளிர்நாட்டுப் புத்தகங்களில் "குளிர்காலத்தில் கோழி முட்டையிடாது, விளக்குப் போடுங்கள்" என்று இருக்கும். ஆஸ்லோ நகரில் மிக நீண்ட பகல் ஏறக்குறைய 19 மணி; மிகக் குறுகியது 6 மணி. தூத்துக்குடியில் மிக நீண்ட பகல் ஏறக்குறைய 12 மணி 38 நிமிடம். மிகக் குறுகியது 11 மணி 37 நிமிடம். ஒரு மணி நேர வேறுபாட்டுக்காக நம் ஊர் நாட்டுக்கோழி மாதக் கணக்கில் வேலைநிறுத்தம் செய்வதில்லை. அந்த அறிவுரையை அப்படியே இங்கே ஒப்பிக்கும் கட்டுரைகளைப் பார்த்தால் எனக்குச் சலிப்புத்தான் வருகிறது.

ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. நாமக்கல் பக்கத்துப் பெரிய பண்ணைகளில் விளக்கொளியோடு சேர்த்து 16 மணி நேரப் பகலில் கூண்டில் வாழ்ந்த கோழிகள், முட்டைக் காலம் முடியும் தறுவாயில் மலிவாக விற்கப்படுகின்றன. அத்தகைய கோழி நம் முற்றத்துக்கு வரும்போது அதன் பகல் ஒரே நாளில் மூன்று, நான்கு மணி நேரம் சுருங்கிவிடுகிறது. அது இறகு உதிர்க்கத் தொடங்கினால் என் மூன்று வாரக் கணக்கு செல்லாது. புது இறகு முளைத்து மறுபடி முட்டையிட இரண்டு, மூன்று மாதம்கூட ஆகலாம். நாட்டுக்கோழி பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டபின் அடைக்கு உட்காருவதும் வேறு கணக்கு.

காத்திருக்கும் நாட்களில் செய்ய வேண்டியவை உண்டு. வெள்ளைக்கழிச்சல் போன்ற நோய்க்கு அஞ்சி, புதுக்கோழியை முதல் இரண்டு வாரம் மற்றவற்றிலிருந்து தள்ளியே வையுங்கள். பிறகு சில நாள், கம்பி வலைக்கு இப்பால் வைத்து ஒன்றையொன்று பார்க்க விடுங்கள். கூட்டத்தில் சேர்த்த நாளிலிருந்துதான் நம் கணக்கு தொடங்குகிறது. ஒற்றையாகச் சேர்ப்பதைவிட இரண்டாகச் சேர்த்தால் கொத்து பங்கிடப்படும். இரைத் தட்டும் தண்ணீர்ச் சட்டியும் இரண்டிடங்களில் இருக்கட்டும்.

ஓட்டுக்குச் சுண்ணாம்பும் வேண்டும். ஒரு முட்டை ஓட்டில் 5, 6 கிராம் கால்சியம் கார்பனேட் இருக்கிறது. முத்தும் முத்துச் சிப்பியும் பெரும்பகுதி இதே பொருள். படிக அமைப்புத்தான் வேறு. 1961-க்குப் பிறகு நம் கடலில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை என்றாலும் கரையில் மட்டிக்கும் கிளிஞ்சலுக்கும் பஞ்சமில்லை. உப்புப் போகக் கழுவி, காயவைத்து, இடித்துத் தனித் தட்டில் வைத்தால் கோழி வேண்டிய அளவை எடுத்துக்கொள்ளும்.

இன்னொன்று: கோழி முட்டையிடவில்லை என்று சொல்லுமுன் வேலியோரத்து உடைமரத்தின் அடியிலும் தேடுங்கள். கூட்டில் கொத்து வாங்கும் கோழி ஒளிந்து இடுவது வழக்கம். தினமும் ஒரு நோட்டில் தேதி, இரை எடுத்ததா, கொண்டையின் நிறம் ஆகியவற்றைக் குறித்துவாருங்கள். வெளிறிய கொண்டை சிவந்து, வாலுக்கு அடியில் உள்ள இரு எலும்பு முனைகளுக்கு நடுவே உங்கள் விரல் இரண்டு நுழையும் இடைவெளி வந்துவிட்டால், பழைய கூடை ஒன்றில் மணல் பரப்பி இருட்டு மூலையில் வையுங்கள்.