மலை எங்கும் போகாது

விடுமுறை கிடைத்தால் நம்மவர்களுக்கு மலைதான். ஹுத்தான் மெலிந்தாங் பக்கம் நடக்கப் போகலாம் என்று நான் சொன்னால், "அங்க என்னா இருக்கு? செம்பனையும் பாரிட்டும்தானே?" என்கிறார்கள்.

அந்தப் பாரிட்டைத்தான் பார்க்கச் சொல்கிறேன். மலை தானாக நிற்கிறது. இந்தச் சமநிலம் தானாக வந்ததில்லை. பெர்ணம் ஆற்றோரச் சதுப்பில் கடல்நீர் ஏறாதபடி மண்கரை போட்டு, நீர் வற்றும் நேரம் மதகைத் திறந்து வடியவிட்டு, மனிதர்கள் உண்டாக்கிய நிலம் இது. இங்கே ஜெண்டராட்டா தோட்டத்தை 1906இல் தொடங்கியவர் டென்மார்க்காரர் வெஸ்டன்ஹோல்ஸ். அவர் பெயர் வரலாற்றில் இருக்கிறது. இந்த வட்டாரத்தில் சேற்றில் இறங்கி வெட்டிய தமிழரும் ஜாவாக்காரரும் பஞ்சார்க்காரரும் வெறும் 'கூலிகள்'.

நம் பாட்டன்மார் வெட்டியதை நாமே "ஒண்ணுமில்லை" என்றால், வேறு யார் வந்து எழுதுவார்கள்? எந்த லயம் எங்கே இருந்தது, பெரட்டுக்கு எந்தக் கரை வழியாக நடந்தார்கள் என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். மலையை அடுத்த மாதம் ஏறிக்கொள்ளலாம். இந்த ஞாயிறு வெயில் ஏறுமுன் ஒரு தாத்தாவை அழைத்துக்கொண்டு பாரிட்டோரம் நடங்கள். "இத யாரு தாத்தா வெட்டுனது?" என்று கேளுங்கள். சொல்வதை எழுதி வையுங்கள்.