கேட்க வேண்டியவரைக் கேட்டோமா?

எஸ்.பி.எம். தேர்வு முடிவு வெளிவந்த அன்று மாலையே பல வீடுகளில், "அடுத்து என்ன?" என்ற கேள்வி எழுந்துவிடுகிறது. கிள்ளானை அடுத்த மேருவிலும் அப்படித்தான். தொழிற்சாலையில் இரவு வேலை செய்யும் அப்பா, மகள் ஆறாம் படிவத்தில் சேரட்டும் என்பார். அம்மா மெட்ரிகுலேஷன் என்பார். பெண்பிள்ளை தூரத்து விடுதியில் தங்குவதா என்று பாட்டி கவலைப்படுவார். "வேலைக்கு அனுப்புங்கள், வீட்டுக் கடனாவது குறையும்" என்று மாமா தொலைபேசியிலேயே தீர்ப்புச் சொல்லிவிடுவார். படிக்கப்போகிற பிள்ளையிடம் கடைசியில்தான் கேட்பார்கள். சில வீடுகளில் கேட்பதே இல்லை.

இவர்களில் எவருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. குடும்பத்தில் ஒருவர் எடுக்கும் முடிவுக்குப் பலரும் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. ஊழியர் சேமநிதியையே பாருங்கள். 2024 மே மாதம் முதல், 55 வயதுக்குட்பட்டவரின் மாதச் சந்தாவில் 75 விழுக்காடு ஓய்வுக்காலக் கணக்கிலும், 15 விழுக்காடு நல்வாழ்வுக் கணக்கிலும், 10 விழுக்காடு நெகிழ்வுக் கணக்கிலும் சேர்கிறது. பிள்ளையின் உயர்கல்விக்காக நல்வாழ்வுக் கணக்கிலிருந்து பணம் எடுக்கலாம். வீடு வாங்கவும் கடும் நோய்க்குச் சிகிச்சை பெறவும் உதவுவது அதே கணக்குத்தான். அக்காவின் படிப்புக்காக எடுத்த பணம், நாளை அப்பாவின் மருத்துவச் செலவுக்கு இருக்காது. ஆகவே, "என் வாழ்க்கை, என் முடிவு" என்று ஒரு மாணவர் சொன்னால், அதில் பாதிதான் உண்மை.

மீதிப் பாதியைப் பெரியவர்கள் மறந்துவிடுகிறார்கள். பிள்ளை சொல்வதெல்லாம் வெறும் ஆசை அன்று. "கடன் வாங்கிப் படிக்க எனக்கு மனமில்லை" என்று ஒரு மகன் சொன்னால், அது அவன் மதிக்கும் ஒரு கொள்கை. "பாட்டியைப் பார்த்துக்கொள்ள வேண்டும், அருகிலேயே படிக்கிறேன்" என்று மகள் சொல்வதும் அப்படியே. இவற்றைப் பிடிவாதம் என்று ஒதுக்குவது நியாயமா?

நூறு ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டில் ஒரு குடும்பம் எடுத்த முடிவை இங்கே எண்ணிப் பார்க்கலாம். கணிதமேதை இராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு வருமாறு பேராசிரியர் ஹார்டி அழைத்தார். கடல் கடப்பது அக்குடும்பத்தின் சமய மரபுக்கு எதிரானது. இராமானுஜன் முதலில் மறுத்துவிட்டார். பின்னர், தெய்வமே கனவில் வந்து வழிவிடச் சொன்னதாகக் கூறித் தாயார் கோமளத்தம்மாள் இசைவளித்தார் என்பர். 1914 மார்ச் 17ஆம் நாள் இராமானுஜன் கப்பலேறினார். சைவ உணவு உண்ணும் தம் வழக்கத்தை அவர் இங்கிலாந்திலும் விடவில்லை. அவருடைய உதவித்தொகையின் ஒரு பகுதி பெற்றோருக்குப் போய்ச் சேர ஏற்பாடானது. தாயின் நம்பிக்கை, மகனின் கொள்கை, வீட்டின் செலவு ஆகிய மூன்றுக்கும் அந்த முடிவில் இடம் கிடைத்தது. நல்ல முடிவுதான் என்று நானும் சொல்வேன்.

ஆனால், அவர் மனைவி ஜானகிக்கு அப்போது வயது 15கூட நிரம்பவில்லை. இன்றைய மூன்றாம் படிவ மாணவியின் வயது! அவர் உடன் வர விரும்பினார். அந்த விருப்பம் நிறைவேறவில்லை. அவர் கணவருக்கு எழுதிய கடிதங்கள் மாமியாரின் கையிலேயே தங்கிவிட்டதாக வாழ்க்கை வரலாறு கூறுகிறது. 1919இல் நோயாளியாகத் திரும்பிய இராமானுஜன் மறு ஆண்டே மறைந்தார். ஜானகி பின்னாளில் தையல் கற்று, சென்னைத் திருவல்லிக்கேணியில் தம் உழைப்பால் வாழ்ந்தார். உலகம் போற்றும் அந்தப் பயணத்தின் விலையில் பெரும்பங்கைக் கொடுத்தவர், முடிவெடுக்கும்போது யாரும் பொருட்படுத்தாத அந்தச் சிறுமிதான்.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. மலேசியா 1995இல் ஏற்றுக்கொண்ட ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமை உடன்படிக்கையின் 12ஆம் விதி, தம்மைப் பாதிக்கும் விவகாரங்களில் கருத்துச் சொல்லும் உரிமையைப் பிள்ளைகளுக்கு அளிக்கிறது. அக்கருத்துக்கு வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப மதிப்பளிக்க வேண்டும் என்றும் கூறுகிறது. பிள்ளை சொன்னபடியே நடக்க வேண்டும் என்று அவ்விதி சொல்லவில்லை. முடிவெடுப்பதற்கு முன்பே கேட்க வேண்டும் என்பதே அதன் பொருள். எல்லாம் முடிந்த பிறகு, "உனக்குச் சம்மதம்தானே?" என்று கேட்பது தகவல் சொல்வதாகுமே தவிர, கருத்துக் கேட்பதாகாது.

"பிள்ளைகளிடம் பணக் கணக்கைக் காட்டினால் மனம் உடைந்துபோவார்கள்" என்று சில பெற்றோர் அஞ்சுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வீட்டுக் கடன் எவ்வளவு, சேமிப்பு எவ்வளவு என்று தெரியாத பிள்ளையிடம் பொறுப்பை எதிர்பார்க்க முடியாது. கணக்கு தெரிந்தால், ஒன்றரை ஆண்டு ஆறாம் படிவத்தை வீட்டிலிருந்தே படிக்கலாம் என்று அந்தப் பிள்ளையே முன்வரக்கூடும். அல்லது, தான் விரும்பும் தொழிற்கல்விக்கு எவ்வளவு செலவாகும் என்று விசாரித்து வந்து அப்பாவிடம் வாதாடக்கூடும். அப்படி வாதாடுவதும் நல்லதே.

பேச்சுக்கு உட்காரும்போது தம்பி தங்கையரை, "நீ போய் விளையாடு" என்று அனுப்பிவிட வேண்டாம். எடுக்கப்போகும் பணத்தில் அவர்களின் படிப்புச் செலவும் அடங்கியிருக்கிறது. இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகளில், "அடுத்து என்ன?" என்ற கேள்வி அவர்களைத் தேடி வரும்.