ஓர் எழுத்துதானே என்று இருந்துவிடாதீர்கள்!

சமுதாய இளைஞர்களே! வணிகப் பெருமக்களே!

ஜரிகை வாங்க சூரத் புறப்பட்ட காஞ்சிபுரம் பட்டு வியாபாரி ஒருவர் தமது ரயில் டிக்கெட்டை என்னிடம் காட்டினார். ஆதாரில் அவர் பெயர் ஹமீத். டிக்கெட்டிலோ ஹமீதா! கடைப்பையன் ஆன்லைனில் அவசரமாகத் தட்டியதில் ஓர் எழுத்து கூடி, ஆண் பெண்ணாகிவிட்டார்.

"ஓர் எழுத்துதானே ஹஜ்ரத், டி.டி.ஆர். பார்த்துக் கொள்வார்" என்றார்.

பார்த்துக் கொள்ளலாம். பார்க்காமலும் போகலாம். நள்ளிரவில் யார் தயவையோ நம்பிப் பயணம் போவது புத்திசாலித்தனமா?

சகோதரர்களே, விதியைத் தெரிந்து கொள்ளுங்கள். ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் டிக்கெட் பதிவான பிறகு பெயரை நாமே மாற்ற முடியாது. டிக்கெட் பிரதியையும் அசல் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு, ரயில் புறப்பட 24 மணி நேரத்துக்கு முன்பே அருகிலுள்ள முன்பதிவு மையத்துக்குச் சென்று, எழுத்து மூலம் மனுக் கொடுக்க வேண்டும். தட்கல் டிக்கெட்டுக்கு இந்த வசதியும் இல்லை. தாய், தந்தை, உடன்பிறந்தோர், கணவன், மனைவி, பிள்ளைகள் பெயருக்கு டிக்கெட்டை மாற்றவும் இதே வழிதான்.

"பங்காளி வரவில்லை, அவர் டிக்கெட்டில் நான் போகிறேன்" என்று கிளம்பாதீர்கள். பிறர் டிக்கெட்டைக் கைமாற்றுவதும் வாங்குவதும் 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 142ஆம் பிரிவின்படி குற்றம்.

ரயிலில் இழப்பது ஒரு பயணம்தான். மற்ற ஆவணங்களில்? 2019 ஆகஸ்ட் 31 அன்று வெளியான அஸ்ஸாம் குடிமக்கள் பதிவேட்டில் 19 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விடுபட்டார்கள். முஸ்லிம்களும் இருந்தார்கள், இந்துக்களும் இருந்தார்கள். தந்தை பெயர் ஓர் ஆவணத்தில் ஒருவிதமாகவும் மற்றொன்றில் வேறுவிதமாகவும் இருந்ததால் அலைந்து நொந்தவர்கள் எத்தனை பேர்! 2025 நவம்பரில் தமிழ்நாட்டிலும் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. அப்போதுதானே நம்மில் பலர் பீரோவைத் திறந்து பழைய காகிதங்களைத் தேடினோம்?

நம் வீடுகளைப் பாருங்கள். ரேஷன் அட்டையில் முகமது, பள்ளிச் சான்றிதழில் முகம்மது, பாஸ்போர்ட்டில் முஹம்மது! இனிஷியல் ஒன்றில் முன்னால், மற்றொன்றில் பின்னால். யார் செய்த சதி இது? பெரும்பாலும் நமது அலட்சியம்தான்.

ஹிப்பான், ஹய்யான் என்ற பெயர்களுக்கு அரபு எழுத்தில் ஒரு புள்ளிதான் வித்தியாசம். அந்தப் புள்ளி மாறினால் ஹதீஸ் அறிவிப்பாளரே மாறிவிடுவார் என்று, இப்படி ஒத்த பெயர்களைப் பிரித்தறிய இமாம் தாரகுத்னீ தனி நூலே எழுதினார். அந்தப் பாரம்பரியத்தில் வந்த நாம், பெற்ற பிள்ளையின் பெயரில் அக்கறை காட்டக் கூடாதா?

ஒலிமுகமதுபேட்டை இளைஞர்களே, எல்லா ஊர் இளைஞர்களே! ஜும்ஆ முடிந்ததும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். மஹல்லாவில் வீடு வீடாகப் பெயர்களை ஒப்பிட்டுப் பாருங்கள். எழுதத் தெரியாத தாய்மார்களுக்கு மனு எழுதிக் கொடுங்கள். பிறப்புச் சான்றிதழிலும் பள்ளிச் சேர்க்கையிலும் ஒரே எழுத்தில் பதியச் செய்யுங்கள். வணிகர்களே, பணம் கட்டுமுன் ஒருமுறை பெயரை வாய்விட்டுப் படியுங்கள்.

அந்த வியாபாரிக்கு இரண்டு நாள் அவகாசம் இருந்தது. மனுக் கொடுத்துத் திருத்திக்கொண்டு நிம்மதியாக ரயில் ஏறினார். எல்லோருக்கும் எப்போதும் அந்த இரண்டு நாள் கிடைக்குமா? சிந்தியுங்கள்!