மேற்பூச்சும் உள்ளீரமும்

பழுதுற்ற பொருளைக் கண்டதும் வீசிவிட்டுப் புதியது தேடுவோர் ஒரு சாரார். மேலே பளபளப்பாகப் பூசி மறைத்துவிடுவோர் மற்றொரு சாரார். இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவது வழியொன்று உண்டென்பதைச் சில ஆண்டுகளுக்கு முன், ஜேர்மனியில் வாழும் உறவினர் வீட்டிலே நாம் நேரிற் கண்டோம்.

அவர் முற்றத்தில் 1960களில் உருவான வொல்க்ஸ்வாகன் முகாம் வண்டியொன்று நின்றது. படுக்கை, அலுமாரி, மடிப்பு மேசை யாவும் உள்ளேயே அமைந்த வண்டி அது. குடும்பத்தோடு சென்று, நின்ற இடத்தில் உண்டு உறங்கலாம். 1947ஆம் ஆண்டில் பென் பொன் என்னும் ஒல்லாந்த வணிகர் தம் குறிப்பேட்டிற் கோடுகளாய் வரைந்த எண்ணமே, 1950ஆம் ஆண்டில் தொழிற்சாலையிலிருந்து வண்டியாக வெளிவந்தது. அடுத்த ஆண்டே வெஸ்ற்பாலியா நிறுவனத்தார் அதனுள்ளே வைத்தெடுக்கத்தக்க மரத்தளபாடங்களைச் செய்து, ஓடும் வண்டியை உறங்கும் வீடாக்கினர்.

உறவினருடைய வண்டியின் உட்சுவர்கள் மெல்லிய ஒட்டுப்பலகையாலானவை. அவற்றின் அடிப்புறம் கறுத்து, மேற்பூச்சுச் செதில் செதிலாக உரிந்திருந்தது. முந்திய ஆண்டுதான் அவர் வார்னிஷ் பூசினாராம். ஒரு குளிர்காலம் கழிவதற்குள் கறை மீண்டும் தலைகாட்டிற்று.

"மரம் கிழடாகிவிட்டது, அண்ணை. எல்லாவற்றையும் மாற்றத்தான் வேண்டும்" என்றார் அவர்.

பள்ளிக்கூடம் செல்லும் அவர் மகள், "அப்பா, பலகையைக் கழற்றிப் பின்பக்கத்தைப் பார்த்தீர்களா?" என்று கேட்டாள். தந்தையார் விடை கூறவில்லை. நாமும் அதுவரை அதனை நினைக்கவில்லை.

கழற்றினோம். முன்புறத்தினும் பின்புறமே பெரிதும் நைந்திருந்தது. நீர் மூன்று வழியால் வந்திருந்தது. சன்னலின் றப்பர் இறுகி வெடித்து மழையை உள்ளே விட்டது. கதவினுள் இறங்கும் நீர் வெளியேறுதற்கென அடியிலுள்ள துளைகள் சேற்றால் அடைபட்டிருந்தன. இவையன்றி, இரவில் உறங்குவோரின் மூச்சிலுள்ள ஈரம் குளிர்ந்த தகட்டிற் படிந்து வழிந்திருந்தது. பின்னால் நீர் நிற்க முன்னாற் பூசிய வார்னிஷ் என்ன செய்யும்?

ஆகவே முதலில் றப்பரை மாற்றி, துளைகளைத் துப்புரவாக்கினோம். பலகை ஒவ்வொன்றன் பின்னும் அதன் இடத்தைப் பென்சிலாற் குறித்து, நிழலிலே நன்கு உலரவிட்டோம்.

பழைய பூச்சு யாதென அறிய, மறைவான மூலையில் ஸ்பிரிட் நனைத்த துணியால் ஒற்றிப் பார்த்தல் வேண்டும். அரக்குப் பூச்சாயின் இளகி ஒட்டும். அதனை ஸ்பிரிட்டாலேயே துடைத்தெடுக்கலாம். எண்ணெய் வார்னிஷ் எளிதில் இளகாது, தேய்த்தே நீக்கவேண்டும். உறவினர் பூசியது வார்னிஷ். 120ஆம் இலக்க அரத்தாளால் மரத்தின் ரேகை ஓடும் வழியே மெல்லத் தேய்த்தோம். ஒட்டுப்பலகையின் முகப்பு மரம் மிக மெல்லியது. அழுத்தித் தேய்ப்பின் அடியிலுள்ள அடுக்கு வெளிப்பட்டுவிடும்.

திருகாணியின் இரும்பும் மரத்தின் துவர்ப்புப் பொருளும் ஈரத்திற் கூடுவதால் உண்டாகும் கருங்கறையை, நீரிற் கரைத்த ஒட்சாலிக் அமிலம் வெளுக்கச் செய்யும். அது நஞ்சு, பெரியவர்களே கையுறையணிந்து கையாளவேண்டும். பின்னர் பலமுறை நீரால் துடைத்து, உலர்ந்தபின் முகமூடியணிந்து 180, 240ஆம் இலக்க அரத்தாள்களால் தேய்த்தோம்.

வார்னிஷை மெல்லிய மூன்று பூச்சாகப் பூசினோம். இம்முறை முன்புறத்துக்கு மட்டுமன்று. பின்புறத்துக்கும் விளிம்புகளுக்கும் பூசினோம். ஒருபுறம் மட்டும் பூசினால் மறுபுறம் ஈரத்தை உறிஞ்சிப் பலகை வளையும். எண்ணெய் வார்னிஷ் தோய்ந்த துணிகளைச் சுருட்டிப் போடுவது பேராபத்து. அவை தாமே சூடேறித் தீப்பற்றக்கூடும். ஆதலால் வெளியிலே விரித்து உலரவிட்டோம். பலகைகளைப் பூட்டுமுன் தகட்டுக்கும் பலகைக்கும் இடையே பிளாஸ்டிக் தாளும் வைத்தோம்.

ஒரு பலகை மட்டும் அடுக்கடுக்காகப் பிரிந்து, திருத்த இயலாத நிலையிலிருந்தது. அதனையும் உடனே வீசவில்லை; புதிய பலகை வெட்டுதற்கு அதுவே அளவாயிற்று.

அடுத்த இளவேனிலில் அச்சிறுமியிடமிருந்து கடிதம் வந்தது. பலகைகளிற் கறை இல்லையென்றும், ஒன்றைக் கழற்றித் தான் பின்பக்கத்தையும் பார்த்துவிட்டதாகவும் எழுதியிருந்தாள்.

வாசகர் வீட்டு அலுமாரியிலும் கதவிலும் இத்தகைய கறையைக் காணின், தூரிகையை எடுக்குமுன் ஒருமுறை பின்பக்கத்தைப் பார்ப்பார்களாக.