பிள்ளையைப் பார்க்கப் போங்கள்



சில காலத்துக்கு முன் ஒரு தாயைச் சந்திக்க அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவருடைய 15 வயது மகன் நீதிமன்ற உத்தரவின்படி ஓர் இல்லத்தில் வைக்கப்பட்டிருந்தான். தன்னிலும் மூத்த பொடியன்களோடு சேர்ந்து, அயலவரின் தோட்டத்தில் நீர் இறைக்கும் மோட்டரைக் கழற்றிப் பழைய இரும்புக்கு விற்றான் என்பது வழக்கு. தகப்பன் 2009இல் வன்னியில் காணாமல் போனவர். அப்போது இவன் தாயின் வயிற்றில் இருந்தான்.

"மூண்டு மாதமா நீங்கள் அவனைப் பாக்கப் போகேல்லையாமே அக்கா?" என்று கேட்டேன்.

"எந்த முகத்தோடை போறது தங்கச்சி? பஸ்ஸுக்கு நிண்டாலே கள்ளன்ரை தாய் எண்டு சனம் பாக்குது. அங்கை சாப்பாடு குடுக்கினம், படிப்பிக்கினம். திருந்தி வரட்டும்."

இதே பதிலை வேறு வீடுகளிலும் கேட்டிருக்கிறேன். பழுதான சைக்கிளைக் கடையில் விட்டுத் திருத்தி எடுப்பது போல, பிள்ளையையும் திருத்தித் தருவார்கள் என்று எண்ணுகிறோம். உளரீதியான புனர்வாழ்வு அப்படி நடப்பதில்லை.

சட்டம் இந்தப் பிள்ளைகளை எப்படிப் பார்க்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்வோம். 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் சிறுவர்களைப் பெரியவர்களிலிருந்து பிரித்து விசாரிக்கச் சொல்கிறது. 8 வயதுப் பிள்ளை மீதும் குற்றம் சுமத்தலாம் என்றிருந்த தண்டனைச் சட்டக்கோவை 2018இல் திருத்தப்பட்டு, அந்த வயது 12 ஆக உயர்த்தப்பட்டது. இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயம், தடுத்து வைப்பது கடைசி வழியாகவும் மிகக் குறுகிய காலத்துக்காகவும் இருக்க வேண்டும் என்கிறது.

நீதிமன்றம் பிள்ளையை நன்னடத்தை மேற்பார்வையில் வீட்டிலேயே விடலாம். சான்று பெற்ற பாடசாலைக்கும் அனுப்பலாம். எமது குடாநாட்டில் அச்சுவேலியில் இருப்பது அப்படியொரு பாடசாலை. வீட்டு நிலைமையை விசாரிக்க நன்னடத்தை உத்தியோகத்தர் வரும்போது எதையும் மறைக்காமல் பேசுங்கள். அவருடைய அறிக்கை முக்கியமானது.

நல்ல உளசமூகத் திட்டம் ஒன்றில் என்ன இருக்கும்? நேரத்துக்கு எழும்பி, சாப்பிட்டு, படித்து, விளையாடும் ஒழுங்கே முதல் மருந்து. உளவளத்துணையாளர் தனியே பேசுவார். வாயால் சொல்ல முடியாததைச் சித்திரமும் நாடகமும் வெளியே கொண்டுவரும். கோபம் ஏறுவதை முன்கூட்டியே கண்டுகொள்ளவும், மூச்சுப் பயிற்சியால் அதைத் தணிக்கவும் பழக்குவார்கள்.

ஆனால் இவை மட்டும் போதாது. யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரின் காயம் தனி ஆளோடு நிற்காமல் குடும்பத்தையும் ஊரையும் பாதிக்கிறது என்று எழுதியவர். அப்படியானால் சிகிச்சையும் பிள்ளையோடு மட்டும் நிற்க முடியாது. 2009இல் இயக்கத்தில் இருந்தவர்களெனப் புனர்வாழ்வு நிலையங்களில் வைக்கப்பட்ட 594 சிறுவர்களும், 2010 மே மாதத்துக்குள் குடும்பங்களிடமே சேர்க்கப்பட்டார்கள்.

நான் சொன்ன பையன் எந்தப் பயிற்சியிலும் சேராமல் ஓரமாக இருந்தான். பார்வையிடும் நாள் வந்தால், "எனக்கு ஆக்கள் இல்லை" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய்விடுவானாம்.

இதைச் சொன்னபோது தாய் அழுதார். சுவரில் கணவரின் படம் தொங்கியது.

"அவரைத் தேடி எத்தினை வாசல் ஏறி இறங்கினீங்கள் அக்கா? இவன் இருக்கிற இடம் தெரியுமெல்லோ?" என்றேன். அப்படிக் கேட்டது கடுமையோ என்று அன்றிரவு முழுவதும் எனக்கு மனம் உறுத்தியது.

அடுத்த பார்வையிடும் நாளில் அவர் போனார். பனங்காய்ப் பணியாரம் சுட்டுக் கொண்டுபோனார். மகன் அதைத் தொடவில்லை, நிமிர்ந்தும் பார்க்கவில்லை. தாய் எழும்பும் நேரத்தில் ஒன்றே ஒன்று கேட்டானாம்: "அவையின்ரை மோட்டருக்குக் காசு குடுத்தாச்சோ?"

எத்தனையோ பேர் புத்தி சொல்லியும் வராத கேள்வி, தாய் முன்னால் இருந்தபோது வந்தது. அவன் மாறத் தொடங்கியது அன்றுதான் என்று நான் நம்புகிறேன்.

இப்போது வீட்டில் இருக்கிறான். மோட்டார் சைக்கிள் திருத்தும் கடையொன்றில் வேலை பழகுகிறான். சில நாட்களில் பிந்தித்தான் வருகிறான். பழைய கூட்டாளிகள் இன்னும் ஒழுங்கை முடக்கில் நிற்கிறார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் தாய் பொலிஸ் போல விசாரிக்காமல், சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு அவன் வரும்வரை முழித்திருக்கிறார்.

சகோதரிகளே, உங்கள் பிள்ளைக்கும் இப்படியொரு நிலை வந்தால் பார்வையிடும் நாளைத் தவற விடாதீர்கள். வழி தெரியாவிட்டால் பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரைக் கேளுங்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்கள். இல்லத்தில் பிள்ளைக்குத் துன்பம் நேர்ந்ததாக அறிந்தால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அறிவியுங்கள். அயல்வீட்டுப் பிள்ளை திரும்பி வந்தால், "கள்ளன்" என்ற சொல்லை விட்டுவிட்டு அவனுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.

அந்த வாசலுக்குப் போகும் பஸ்ஸில் தலை குனிந்தபடி இன்னொரு தாயும் இருப்பார். அவருக்குப் பக்கத்தில் போய் இருங்கள்.